பத்து பேர்ச்சும் ஒரு பழமரமும்

நானுஓயாவைத் தாண்டி நுவரெலியாவுக்கு ஏறும் வீதியோரக் கடைகளில், பருவம் வந்தால் பேரிக்காய் குவிந்து கிடக்கும். தோல் தடித்த, கடித்தால் மணல்போல நறநறக்கும் காய். இது என்ன இனம் என்று கேட்டால் கடைக்காரர் 'பியர்ஸ்' என்பார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது, அவருக்குக் காய் கொடுத்தவருக்கும் தெரியாது. பக்கத்திலேயே பளபளவென்று அடுக்கியிருக்கும் இறக்குமதி அப்பிளின் மேல் ஒட்டிய சின்னத் துண்டிலோ இனத்தின் பெயர், விளைந்த நாடு, இலக்கம் எல்லாம் அச்சாகியிருக்கும். கடல் கடந்து வந்த பழத்துக்கு ஊரும் பேரும் உண்டு. தலைமுறை தலைமுறையாக இந்த மலையிலேயே நின்று காய்க்கும் மரத்துக்கு இல்லை.

பெயரில்லாத மரம் வெட்டுப்படும்போது என்ன போயிற்று என்பதும் யாருக்கும் தெரியாமல் போகும். டிக்கோயா, பொகவந்தலாவை, மஸ்கெலியா, அக்கரப்பத்தனை என்று ஹட்டனைச் சுற்றிய தோட்டங்களின் பழைய பங்களா முற்றங்களில் இன்னும் பேரி நிற்கிறது. பீச், பிளம்ஸ் நிற்கின்றன. மிக அரிதாக ஓர் அப்பிள் மரமும் நிற்கக்கூடும். இவற்றைக் கணக்கெடுத்து, ஒட்டெடுத்து, தோட்டத்து மக்களின் வீட்டு முற்றங்களுக்குப் பரப்ப வேண்டும். அதற்குக் குளிர் போதாமையும் மழையும் ஓரளவு தடை. காணி அதைவிடப் பெரிய தடை.

இந்த மரங்கள் இங்கே வந்த கதை ஏக்கத்தில் தொடங்குகிறது. 1848-இல் சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் ஓர் ஆங்கிலக் கிராமத்தையே வேரோடு பெயர்த்து நட்டுவிட முயன்றார். மாடு, ஆடு, கலப்பை, விதை, கொல்லர் என்று சகலத்தையும் கப்பலேற்றிக் கொண்டுவந்தார். 1855-இல் அவர் புறப்பட்டுப் போனார். உருளைக்கிழங்கும் கரட்டும் கோவாவும் மலையிலேயே தங்கிவிட்டன. 1861-இல் சிங்கோனா மரத்துக்கான சோதனைத் தோட்டமாக ஹக்கலை உருவானது. 1867-இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். அதன்பின் மலை மலையாகத் தேயிலை ஏறியது. உச்சியில் துரை பங்களா, பங்களாவைச் சுற்றிப் பூந்தோட்டம், பூந்தோட்டத்தின் ஓரத்தில் ஊர் நினைவுக்கு நாலைந்து பழமரம். மரத்தைத் தருவித்தவர் துரை. குழி வெட்டியது, எருப் போட்டது, கவ்வாத்துப் பண்ணியது, குரங்கு விரட்டியது எல்லாம் நம் ஆட்கள். பழத்தில் பங்கு மட்டும் அவர்களுக்குக் கிடையாது. மாலை மங்கியபின் வேலி தாண்டிய பிள்ளைகள் அந்தக் கணக்கை ஓரளவு நேர் செய்திருப்பார்கள்.

பழமரத்தில் 'இனம்' என்பது எப்படித் தலைமுறை தாண்டுகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். அப்பிள் விதையைப் போட்டால் தாயைப்போலப் பிள்ளை பிறக்காது. ஒரே பழத்துக்குள் இருக்கும் ஐந்து விதைகளை நட்டால் ஐந்து வெவ்வேறு மரங்கள் வரும். பெரும்பாலும் ஐந்துமே வாயில் வைக்க முடியாத புளிப்பாக இருக்கும். எப்போதாவது ஒன்று அபூர்வமாகத் தேறும். அதைக் காப்பாற்ற ஒரே வழி, அந்த மரத்தின் குச்சியை வெட்டி இன்னொரு வேர்மரத்தில் ஒட்டுவது. ஆகவே பெயர் பெற்ற ஒவ்வோர் அப்பிளும் ஒரே தாய்மரத்தின் தொடர்ச்சிதான். ஒரு கை குச்சியைக் கொடுக்க, இன்னொரு கை வாங்கி ஒட்ட, இருநூறு முந்நூறு ஆண்டுகள் ஓடிவிடும். அந்தக் கைமாற்றம் ஒரு தலைமுறை நின்றால் இனம் முடிந்தது. பேரிக்கும் இதே விதிதான். மாம்பழத்திலும் நமக்கு இது தெரிந்த கதையே. யாழ்ப்பாணத்துக் கறுத்தக்கொழும்பானை அதே சுவையோடு இன்னொரு முற்றத்தில் காண வேண்டுமானால் ஒட்டுக்கன்றுதான் வாங்குகிறோம். கொட்டையை நம்பி இருப்பதில்லை.

இங்கிலாந்தின் புகழ்பெற்ற பிராம்லி அப்பிளின் கதையைத் தோட்டத்து மக்கள் அவசியம் அறிய வேண்டும். 1809-இல் நொட்டிங்ஹாம்ஷையரின் சவுத்வெல் ஊரில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி சில அப்பிள் விதைகளை நட்டாள். அவற்றில் ஒன்று மரமாயிற்று. பின்னாளில் அந்த வீட்டை மத்தியூ பிராம்லி என்ற இறைச்சிக் கடைக்காரர் வாங்கினார். 1856-இல் ஹென்றி மெரிவெதர் என்ற இளைஞர் மரத்தில் குச்சி வெட்டிக்கொள்ள அனுமதி கேட்டார். தாராளமாக வெட்டிக்கொள், பழத்துக்கு என் பெயரை வைக்க வேண்டும் என்றார் வீட்டுக்காரர். உலகம் இன்றும் பிராம்லி என்றே சொல்கிறது. விதை போட்ட பெண்ணின் பெயரைப் பழக்கடையில் யாரும் சொல்வதில்லை. மலையகத்துக்கு இது புதிய செய்தியா என்ன? தோட்டங்களின் பெயர்ப்பலகைகளைப் பாருங்கள்: கிளென்கெயின், நோர்வூட், காசல்ரீ, சென்கூம்ஸ். காட்டை வெட்டி மலையைத் திருத்தியவர்களின் ஊர்ப்பெயர் அந்தப் பலகைகளில் இல்லை.

ஆனாலும் அந்தக் கதையில் மெரிவெதர் செய்தது பெரிய காரியம். ஒரு முற்றத்து மரத்தை அவர் ஒரு நாட்டுக்குப் பொதுவாக்கினார். தாய்மரம் நோய்ப்பட்டு நலிந்த காலத்தில் நொட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தினர் அதிலிருந்து இழைய வளர்ப்பு மூலம் கன்றுகள் எடுத்து வைத்தனர். குச்சி பகிரப்படாமல் இருந்திருந்தால் அவர்களுக்கு அக்கறை வந்திருக்குமா என்பதே சந்தேகம்.

ஒட்டுக்கட்டுவது, குச்சி வைத்துப் பதியம் போடுவது எல்லாம் படித்த நிபுணர்களின் வேலை என்று நினைப்பவர்கள் தேயிலைத் தவறணைக்குள் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். 1925-இல் தொடங்கப்பட்டு, தலவாக்கலை சென்கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தேர்ந்து கொடுத்த 'வீ.பி.' தேயிலை, ஓர் இலையும் ஒரு கணுவும் கொண்ட துண்டிலிருந்து வளர்வது. எந்தக் கிளையில் வெட்டுவது, எந்தச் சாய்வில் வெட்டுவது, எந்த மண்ணில் ஊன்றுவது, எத்தனை நாள் நிழல் கொடுப்பது என்று எல்லாம் அந்தத் தவறணையில் வேலை செய்யும் பெண்களின் கைக்குத் தெரியும். இந்த நாட்டில் குச்சியிலிருந்து செடி எடுக்கும் கைத்திறன் மலையகத் தோட்டங்களில் குவிந்து கிடக்கிறது. பேரி ஒட்டுவதற்கு அந்தக் கைகளுக்கு நாலைந்து நாள் பயிற்சி போதும்.

அதே தவறணை இன்னொன்றையும் சொல்கிறது. வீ.பி. வருவதற்கு முந்திய மலைகளில் இருப்பது விதைத் தேயிலை. நூறு வயது கடந்த அந்தத் தூர்களில் ஒவ்வொன்றும் ஒரு தனி ஆள்: ஒன்று முந்தித் துளிர்க்கும், ஒன்று வறட்சி தாங்கும், ஒன்று சோம்பேறி. வீ.பி. மலையில் ஆயிரக்கணக்கான தூர்களும் ஒரே ஆள். கொழுந்து கூடும், கணக்கு நேராகும், கம்பனிக்கு வசதி. நோய் வந்தால் எல்லாத் தூரும் ஒன்றாகப் படுக்கும். 1869-இல் இந்த மலையில் கோப்பி இலையில் துருநோய் தென்பட்டது. குறுகிய வம்சத்தில் வந்த ஒரே வகைக் கோப்பி மலை நிறைய நின்றதால், இருபது ஆண்டுக்குள் ஒரு பெரும் தொழிலே அழிந்தது. தேயிலை இங்கே வேரூன்றியதே அந்த அழிவின் மேல்தான். பழைய இனங்களைக் காப்பது பழமை மீதான பாசம் என்று ஒதுக்குபவர்களுக்கு, ஹட்டனில் நின்றுகொண்டு பதில் சொல்வது மிகவும் எளிது.

இனிக் காணிக்கு வருவோம்.

இந்தியாவின் இமாசலப் பிரதேசத்தில் குல்லு பள்ளத்தாக்கின் பந்த்ரோலில், 1870-இல் கப்டன் லீ என்ற ஆங்கிலேயர் அப்பிள் தோட்டம் போட்டார். அவர் நட்டவை பழைய ஆங்கில இனங்கள். புளிப்பு கூடியவை என்பதால் இந்திய நாக்கில் அவை ஏறவில்லை. 1916-இல் சிம்லாவுக்கு அப்பால் கோட்கட் பகுதியில் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் ரெட் டெலிசியஸ் கன்றுகளை நட்டார். பின்னாளில் சத்யானந்த் என்று பெயர் மாற்றிக்கொண்டு, காந்தியோடு நின்று, சிறைக்கும் போனவர் அவர். கன்றுகளைப் பக்கத்து விவசாயிகளுக்குக் கொடுத்தார், நடச் சொல்லிக் கொடுத்தார். ஏழை மலைக் கிராமங்களாக இருந்த அந்தப் பகுதி அடுத்த தலைமுறையில் செழித்தது. இன்று இமாசலத்தின் பொருளாதாரத்தில் அப்பிள் ஒரு தூண்.

ஸ்டோக்ஸ் கன்று கொடுத்த அதே 1916-இல் ஹட்டனில் என்ன நிலை? தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவன் தலையில் இருந்த கடனைக் காட்டும் 'துண்டு' வேண்டும். அந்த முறை ஒழிந்ததே 1921-இல்தான். கோட்கட் விவசாயிக்குக் கன்றை நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. ஹட்டன் தொழிலாளிக்குக் கடன் துண்டுதான் இருந்தது. இங்கே எந்த நல்ல மனிதர் வந்து கன்றை இலவசமாகக் கொடுத்திருந்தாலும் அதை எங்கே நடுவது?

அதன்பிறகும் நிலம் பலமுறை கைமாறியது. தொழிலாளியின் கைக்கு மட்டும் வரவில்லை. 1948-இல் குடியுரிமை போயிற்று. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் நிர்வாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் போயிற்று. நிலம் அரசுடையது, நீண்டகாலக் குத்தகை கம்பனிகளுடையது. லயன் வாசலில் குடும்பம் போடும் மரக்கறிப் பாத்தி ஒரு வழக்கத்தின் பேரில் நடக்கும் சலுகை. இந்த நிலையில் மனிதர்கள் எதை நடுவார்கள்? மூன்று மாதத்தில் கைக்கு வருவதை நடுவார்கள்: கோவா, போஞ்சி, லீக்ஸ், கிழங்கு. ஒட்டுப் பேரி முதல் காய் காட்டவே சில ஆண்டுகள் ஆகும். நல்ல விளைச்சலுக்கு இன்னும் சில ஆண்டுகள். வாசல் நாளைக்கும் நமதா என்று தெரியாதவர் மரம் நடமாட்டார். அதைச் சோம்பல் என்று எழுதுவோர் இன்னும் இருக்கிறார்கள்.

இன்று நிலைமை மெல்ல அசைகிறது என்பதால்தான் இந்தப் பேச்சுக்கே இடம். 2015-க்குப் பின் லயனுக்குப் பதிலாகத் தனி வீடு, வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்ற திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2017 மே 12-இல் இந்தியப் பிரதமர் மோடி நோர்வூட்டில் பேசியபோது, நடந்துகொண்டிருந்த 4,000 வீட்டுத் திட்டத்துக்கு மேல் இன்னும் 10,000 வீடுகளை அறிவித்தார். பிறகு காணியின் அளவு பத்து பேர்ச் என்று பேசப்படுகிறது. பத்து பேர்ச் என்றால் சுமார் 2,720 சதுர அடி. வீடு, கழிவறை, தண்ணீர்த் தொட்டி, வழி எல்லாம் போக முற்றத்தில் இரண்டு மூன்று குட்டை மரங்களுக்கு இடம் தேறும். குட்டையாக வளர்க்கும் ஒட்டுக்கட்டைகள் உலகில் நூறாண்டாகப் புழக்கத்தில் உள்ளன. கையெட்டும் உயரத்தில் மரத்தை நிறுத்தலாம். வேகம் போதாது, உறுதிப்பத்திரம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை, ஏழு பேர்ச்சில் எதுவும் காணாது என்ற குறைகள் அனைத்தும் நியாயமானவை. அந்தக் கோரிக்கைகளோடு ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்: வீட்டுச் சாவி கொடுக்கும் மேடையில் இரண்டு பெயர் தெரிந்த ஒட்டுக்கன்றும் கொடுங்கள்.

இங்கே அப்பிள் காய்க்குமா என்ற கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். வழக்கமான அப்பிள் இனங்கள் பூப்பதற்குக் குளிர்காலத்தில் ஏழு பாகை செல்சியஸுக்குக் கீழே ஏறத்தாழ ஆயிரம் மணி நேரம் தூங்க வேண்டும். தை, மாசியில் நுவரெலியாப் புல்வெளியில் உறைபனி படியும் சில விடியற்காலைகளைக் கூட்டினாலும் அந்தக் கணக்குத் தேறாது. 1,270 மீற்றர் உயரத்தில் இருக்கும் ஹட்டனில் அந்தக் குளிரும் இல்லை; பதிலாக மே முதல் விடாத தென்மேற்கு மழை, மழையோடு பூஞ்சண நோய். ஆகவே ஹட்டனை இன்னொரு சிம்லா ஆக்குவோம் என்று யாராவது மேடையில் சொன்னால் கைதட்ட வேண்டியதில்லை.

ஆனால் குளிர் குறைவாகக் கேட்கும் இனங்கள் உண்டு. இஸ்ரேலில் உருவான அன்னா, பஹாமாஸ் தீவில் கண்டெடுத்த டோர்செட் கோல்டன் இரண்டும் இருநூறு, முந்நூறு மணிக் குளிரில் திருப்தி அடைபவை. இமாசலத்தின் பிலாஸ்பூர் மாவட்டத்தில் ஹரிமன் சர்மா என்ற விவசாயி, வீட்டுப் பக்கம் வீசிய அப்பிள் விதையில் முளைத்த ஒரு செடி வெக்கையிலும் காய்ப்பதைக் கவனித்து, ஒட்டி, பரப்பினார். எச்.ஆர்.எம்.என்.-99 என்ற அந்த இனம் இன்று இந்தியாவின் சமவெளிகளிலும் நிற்கிறது; அவருக்கு 2025-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. இந்தோனேசியாவின் மாலாங் மலைப்பகுதி நிலநடுக்கோட்டிலிருந்து ஹட்டனைப்போலவே ஏறத்தாழ ஏழெட்டுப் பாகைத் தூரத்தில்தான் இருக்கிறது. அங்குள்ளவர்கள் ரோம் பியூட்டி என்ற பழைய அமெரிக்க இனத்தைக் குளிரே இல்லாமல் காய்க்க வைத்தார்கள். அறுவடை முடிந்ததும் இலை முழுவதையும் கையால் உருவிவிடுவார்கள். மரம் தூங்காமலே விழித்துக்கொண்டு மறுபடி பூக்கும். ஆண்டில் இருமுறைகூடக் காய்க்கும். தேயிலையைக் கவ்வாத்து வெட்டித் துளிர்க்க வைக்கும் மக்களுக்கு இந்தத் தந்திரம் உடனே விளங்கும். ஆனால் மாலாங்கிலும் இப்போது வெக்கை ஏறி, மண் களைத்து, அப்பிள் தோட்டங்கள் சுருங்கி வருகின்றன என்பதையும் மறைக்கக் கூடாது.

இன்னும் பக்கத்தில் கொடைக்கானல் இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அங்குள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் பார்லின்ஸ் பியூட்டி என்ற அப்பிளைத் தேர்ந்து கே.கே.எல்.-1 என்று வெளியிட்டது. தமிழ்நாட்டு மலைகளுக்குப் பரிந்துரைக்கும் இனங்களில் ஐரிஷ் பீச் என்ற பெயரும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அயர்லாந்திலிருந்து அறிமுகமான இனம் அது. பறித்த அன்றே தின்ன வேண்டிய மென்பழம் என்பதால் ஐரோப்பியச் சந்தை அதைக் கைவிட்டது. சந்தைக்கு உதவாத அந்தக் குணம் வீட்டு முற்றத்துக்கு ஒரு குறையே அல்ல. நீலகிரியில் குன்னூர்ப் பழப்பண்ணை நூறு வயது கண்டது. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஹட்டனை விட்டுக் கப்பலேறியவர்களில் பலர் குடியமர்ந்தது அதே நீலகிரியிலும் கொடைக்கானலிலும்தான். கோத்தகிரியில் அத்தை, கூடலூரில் சித்தப்பா என்று உறவு இன்னும் அறுந்துவிடவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய்வரும் அந்த வழியில் மரம் வளர்க்கும் அறிவும் போய்வரலாம். அறிவு மட்டும்தான், பெட்டிக்குள் குச்சியைச் சுற்றிக் கொண்டுவரக் கூடாது. ஒரு குச்சியோடு வரும் பூச்சியும் பூஞ்சணமும் கட்டுநாயக்காவில் முத்திரை வாங்கிக்கொண்டு வருவதில்லை. கோப்பிக்கு நேர்ந்ததைப் பார்த்த மண் இது. புதிய இனம் வேண்டுமானால் விவசாயத் திணைக்களம் முறைப்படி தருவித்து, தனிமைப்படுத்தி வைத்துப் பார்த்து, பிறகு கொடுக்கட்டும்.

'கொழும்பிலும் காய்க்கும் அப்பிள்' என்று விளம்பரம் போட்டு விற்கும் கன்றுகள் பற்றியும் ஒரு வார்த்தை. வாங்குமுன் இனத்தின் பெயரைக் கேளுங்கள். தாய்மரம் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் ஒட்டுக்கன்று விலை கொடுப்பது வீண். இன்னொன்று, பெரும்பாலான அப்பிள் இனங்கள் தம் மகரந்தத்தால் தாமே காய்க்காதவை. அன்னா நட்டவரின் பக்கத்து வீட்டில் டோர்செட் கோல்டன் நின்றால் இருவருக்கும் பழம். தனியாக ஒருவர் முற்றத்தில் ஒரே இனத்தை நட்டு வேலி போட்டுக்கொண்டால் பூ மட்டும் பார்க்கலாம்.

2022 மார்ச்சில் டொலர் இல்லாத நெருக்கடியில் அரசு 300-க்கும் மேற்பட்ட பொருட்களுக்கு இறக்குமதி உரிமக் கட்டுப்பாடு போட்டபோது, பழங்களும் அந்தப் பட்டியலில் வந்தன. நோயாளியைப் பார்க்க நாலு அப்பிள் வாங்கிப் போகும் வழக்கம்கூட அப்போது பலருக்குக் கட்டுப்படியாகவில்லை. உள்ளூர்ப் பேரியும் பீச்சும் அந்த இடத்தை நிரப்பியிருக்க வேண்டும். யாரும் கவனிக்காத மரத்தின் காய் அப்படி நிரப்பாது. கவ்வாத்து இல்லை, நல்ல ஒட்டு இல்லை, எந்த மரம் இனிப்பு, எந்த மரம் ஊறுகாய்க்கு என்ற கணக்கு இல்லை.

அந்தக் கணக்கை வேறு நாடுகளில் பெரும்பாலும் சாதாரண மனிதர்களே எடுத்தார்கள். அமெரிக்காவின் வட கரோலினாவில் டொம் பிரவுன் என்ற ஓய்வுபெற்ற பொறியியலாளர், அழிந்துவிட்டதாக எண்ணப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட அப்பிள் இனங்களைத் தேடிக் கண்டுபிடித்தார். அவருடைய முறை வெகு சாதாரணம்: மலைக் கிராமங்களுக்குப் போவார், தொண்ணூறு வயதுக்காரர்களைக் கண்டு, சின்ன வயதில் என்ன அப்பிள் தின்றீர்கள், மரம் எங்கே நின்றது என்று கேட்பார். மரம் கிடைத்தால் குச்சி எடுத்து ஒட்டுவார், கேட்டவருக்குக் கொடுப்பார். அந்நாட்டு விவசாயத் திணைக்களம் 1886 முதல் ஓவியர்களை வைத்துப் பழங்களை நீர்வர்ணத்தில் வரைவித்த 7,500 படங்கள் இருக்கின்றன, பாதி அப்பிள். தேடுபவர்களுக்கு அடையாளம் காண அவை உதவுகின்றன. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பிரொக்டேல் என்ற இடத்தில் 2,000-க்கும் மேற்பட்ட அப்பிள் இனங்கள் மரமாகவே நிற்கின்றன.

நம் நாட்டிலும் நிறுவனங்கள் இல்லாமல் இல்லை. கன்னொறுவையில் 1988-இல் ஜப்பானிய உதவியோடு உருவான தாவர மரபணு வள நிலையம் நெல்லையும் பயற்றையும் விதையாகக் குளிரறையில் காக்கிறது. பேரியையும் அப்பிளையும் அப்படிக் காக்க முடியாது, அவை மரமாகவே வாழ வேண்டும். பழ ஆராய்ச்சி நிறுவனம் ஹொரணைப் பக்கம் தாழ்நாட்டில் இருக்கிறது. சீதாஎலியவில் விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்று இருக்கிறது. அதன் கவனம் பெரும்பாலும் கிழங்கிலும் மரக்கறியிலும். ஹட்டனுக்கு வேண்டியது பெரிய கட்டடம் அல்ல. ஒவ்வொரு தோட்டத்திலும் எஞ்சிய மரங்களின் பட்டியல், கொட்டகலையிலோ டிக்கோயாவிலோ அரை ஏக்கரில் ஒரு தாய்மரத் தோட்டம், ஆண்டுக்கு ஒருமுறை குச்சி பரிமாறும் ஒரு நாள். தவறணையில் வேலை செய்து ஓய்வுபெற்ற பெண்களை அங்கே ஒட்டுக்கட்டும் ஆசிரியர்களாகச் சம்பளத்தோடு அமர்த்தலாம். கம்பனிகள் ஒரு பங்களா முற்றத்தைத் திறந்துவிட்டால் அவற்றுக்கு ஒரு கொழுந்தும் குறையாது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைச் சுற்றிய துரை பங்களாக்கள் சில இன்று வெளிநாட்டுப் பயணிகள் தங்கும் விடுதிகள். பழைய மரத்தின் கதை அவர்களுக்கும் பிடிக்கும். அந்தக் கதையில் மரத்தை வளர்த்த குடும்பத்தின் பெயரும் சொல்லப்பட வேண்டும்.

பெயர் வைப்பதிலும் நாம் கூச்சப்பட வேண்டியதில்லை. பழைய ஆங்கிலப் பெயர் கண்டுபிடிக்கப்பட்டால் அதை எழுதலாம். கண்டுபிடிக்க முடியாத மரத்துக்கு அது நின்ற தோட்டத்தின் தமிழ்ப் பெயரை வைக்கலாம். ஒவ்வொரு தோட்டத்துக்கும் நம் பெரியவர்கள் வைத்த ஒரு தமிழ்ப் பெயர் உண்டல்லவா? அல்லது அதை ஐம்பது ஆண்டு பராமரித்த தோட்டக்காரரின் பெயரை, அவர் குடும்பத்தின் சம்மதத்தோடு வைக்கலாம். சவுத்வெல் சிறுமிக்கு மறுக்கப்பட்டதை இங்கே கொடுத்துவிடலாம்.

இது அரசு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டிய வேலையும் அல்ல. உங்கள் தோட்டத்து பங்களாவிலோ, ஆஸ்பத்திரி வளவிலோ, பாடசாலை மூலையிலோ, கோயில் பின்புறத்திலோ ஒரு பழைய பழமரம் நின்றால் ஒரு கொப்பி எடுத்து எழுதி வையுங்கள்: எந்த மாதம் இலை உதிர்கிறது, எப்போது பூக்கிறது, எப்போது காய் முற்றுகிறது, சுவை எப்படி, யார் நட்டதாகச் சொல்கிறார்கள். காயின் படத்தைக் குறுக்கே வெட்டியும் எடுங்கள். உயர்தரத்தில் விவசாயம் படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல செயற்றிட்டம் கிடைக்காது. பேரியில் குச்சி எடுக்க ஏற்றது மரம் இலையுதிர்ந்து ஓய்ந்திருக்கும் பனிக்காலம். தை, மாசியோடு அது முடிந்துவிடும். அந்த மரத்தை அடையாளம் காட்டக்கூடிய ஒரு முதியவர் உங்கள் லயனில் இருந்தால், அதற்குமுன் அவரோடு ஒருமுறை பங்களாப் பக்கம் நடந்து போய் வாருங்கள்.